பாட்டிலில் வளராத கிருமி

மதுரை
12.1.2024

அன்புள்ள அனிட்டா மதினிக்கு,

ஜோசப்பின் எழுதுகிறேன். உங்களைப் பலமுறை போனில் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு எண் என்றால் நீங்கள் எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல வரவில்லை. விடுதி விலாசத்தைச் சேனாதிபதிதான் தந்தார். அவரும் அண்ணனோடு ஜீப் ஓட்டுபவர், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. ஆவணியிலிருந்தே காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. வத்தலக்குண்டில் ஊசி போட்டுக்கொள்வது, இரண்டு நாள் படுப்பது, மறுபடி ஜீப்பை எடுப்பது என்றே ஓட்டியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் பண்ணைக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழே சரிந்துவிட்டார். சேனாதிபதிதான் இங்கே, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே, கொண்டுவந்து சேர்த்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

சிறுவயதில் அண்ணனுக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுதானது உங்களுக்குத் தெரியும். அந்த வால்வில்தான் இப்போது ஏதோ கிருமி குடியேறியிருக்கிறது. ஸ்கேனில் பாசி படிந்த மாதிரி தெரிகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனதால்தான் பக்கவாதம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அண்ணனுடைய அறிக்கையில் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று எங்கள் ஆய்வகத்து டாக்டர் ரோகிணி போடுகிறார். ஆனாலும் நாள் முழுக்க ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

அவர் எப்படி வாழ்ந்தார், என்ன சாப்பிட்டார், என்ன வளர்த்தார் என்று கேட்டால் பதில் சொல்ல அவரால் முடியாது. அம்மாவும் இல்லை. உங்களைத் தவிர யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
ஜோசப்பின்


கொடைக்கானல்
17.1.2024

ஜோசப்பினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் நேரம், சமையலறையில் நிற்க இடமில்லை. அதனால் இரண்டு நாள் தாமதம்.

நான் அந்த வீட்டைவிட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் என்ன சாப்பிட்டார், என்ன வளர்த்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைத் தேடி ஒரு முறைதான் வந்தார். விடுதி வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த எதுவும் எனக்குத் தெரியாது. சேனாதிபதியைக் கேள்.

போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். இதுவே மூன்றாவது தாள்.

சாப்பாடு இறங்குகிறதா? கஞ்சி என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் குடிப்பார்.

அனிட்டா


மதுரை
21.1.2024

அன்புள்ள மதினிக்கு,

மிளகு போட்டுக் கொடுத்தோம். குடித்தார். நன்றி.

அவர் ரத்தத்தை எடுத்து, கிருமிக்குத் தீனி உள்ள பாட்டில்களில் விட்டு மெஷினில் வைத்திருந்தோம். கிருமி வளர்ந்தால் மெஷின் கூப்பிடும். பக்கத்துப் பாட்டில்கள் எல்லாம் கூப்பிட்டன. அண்ணனுடையது மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. மறுபடி எடுத்தோம். அதுவும் அப்படியே. அவர் முன்பு போட்டுக்கொண்ட ஊசிகளால் கிருமி மயங்கிக் கிடக்கலாம். அல்லது பாட்டிலில் வளரவே வளராத கிருமியாக இருக்கலாம். அப்படிச் சில உண்டு. பூனை நகத்தில் இருந்து வருவது ஒன்று, காய்ச்சாத பாலில் வருவது ஒன்று, ஆடு மாடுகளிடமிருந்து வருவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசோதனை, சில இங்கே கிடையாது, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் தேட முடியும். இப்போதைக்குப் பொதுவான மருந்துகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. காய்ச்சல் குறையவில்லை.

சேனாதிபதியின் பழக்கம் ஜீப் ஸ்டாண்டோடு சரி. அண்ணன் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லையாம்.

இன்னொன்று. பேச்சு போய்விட்டது என்று எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை மட்டும் வருகிறது. "வெரசா." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். என்னைப் பார்த்தாலும் "வெரசா, வெரசா" என்கிறார். நர்ஸுகள் ஏதோ அவசரம் என்று ஓடி வருகிறார்கள்.

மதினி, ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியுமா? நான் போனால் சுவரைத்தான் பார்ப்பேன். நீங்கள் அந்த வீட்டில் இருந்தவர். எது புதிது, எது பழையது என்று உங்களுக்குத்தான் தெரியும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன்.

ஜோசப்பின்


கொடைக்கானல்
29.1.2024

ஜோசப்பினுக்கு,

போய் வந்தேன். ஞாயிறு வெள்ளனே பூசைக்குக்கூடப் போகாமல் கிளம்பினேன். இங்கே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஊத்து ஸ்டாப்பில் இறங்கி பஸ் மாறும்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது. மிளகுக்கொடி பழுக்கும் வாசனை வந்தது, ஏறிவிட்டேன்.

சாவி பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி அக்காவிடம் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் அழவுமில்லை, திட்டவுமில்லை. "வந்துட்டியாத்தா" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. பூனை கிடையாது. பால் வாங்குவதில்லை, வரக்காப்பிதானாம். நம் ஆட்டுக்கொட்டகை காலி. நான் வந்த மறுமாதமே ஆடுகளை எல்லாம் அக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். அக்காவின் கொட்டகையும் நம் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் புழுதி உள்ளேதான் வருகிறது. நீ எதைப் பற்றிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியாததால் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆடு எங்கிட்ட நின்னாலும் குட்டி போடுற நேரத்துல அவரத்தேன் கூப்புடுவேன். பக்குவமான கை அவருக்கு."

"குட்டியெல்லாம் நல்லா நிக்குதாக்கா?"

"எங்கத்தா! போன சித்திரையில மூணு ஆடு குறைமாசத்துலயே போட்டுருச்சு. எல்லாம் செத்த குட்டி. ஒண்ணுக்கு நஞ்சுக்கொடி விழாமக் கெடந்துச்சு. இவருதேன் வெறுங்கைய விட்டு எடுத்தாரு. சட்டையெல்லாம் ரத்தம். டாக்டரக் கூப்புடுவோம்னேன், 'உனக்கு வேற சோலி இல்லையாக்கா, அவரு வர்றதுக்குள்ள ஆடு செத்துரும்'னாரு."

"இப்ப மட்டும்தானா?"

"அப்பப்ப ஒண்ணு ரெண்டு போடும். மலையில அதெல்லாம் உள்ளதுதான."

அக்காவின் மருமகள் பிரியா கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வயிறு தெரிகிறது, ஐந்து மாதமாம்.

நீ எழுதியிருந்த அந்த வார்த்தை எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு முன்னால் ஒரு ஏற்றம் இருக்கிறதே, அங்கே ஆள் ஏறிக்கொண்டு நேரம் கடத்தினால் அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொல்வது அது. அவசரம் எல்லாம் ஒன்றுமில்லை, வண்டி கிளம்பப் போகிறது, உட்காருங்கள் என்று அர்த்தம். நர்ஸுகளிடம் சொல். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அனிட்டா


மதுரை
9.2.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டர் ரோகிணியிடம் படித்துக் காட்டினேன். அந்த மூன்று ஆடுகள் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். அன்றைக்கே அண்ணன் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினோம். நேற்று முடிவு வந்தது.

காக்ஸியெல்லா என்று பெயர். ஆடுகளின் கர்ப்பப்பையில் இருக்கும். ஆட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, குட்டியைத்தான் கொல்லும். நஞ்சுக்கொடியில் கோடிக்கணக்கில் வெளியே வரும். காய்ந்து புழுதியோடு கலந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தக் காற்றை இழுத்தாலே போதும். நல்ல உடம்பு என்றால் காய்ச்சலோடு போய்விடும், பல பேருக்குக் காய்ச்சல்கூட வராது. பழுதான வால்வு இருந்தால் அங்கே போய் ஒளிந்துகொள்ளும், வருஷக்கணக்கில்கூட. நம் உயிரணுவுக்குள்ளே மட்டும்தான் பெருகும். அதனால்தான் பாட்டிலில் வளரவில்லை. நாங்கள் ஏற்றிய மருந்துகளுக்கு அது அசையாது. இதற்கென்று உள்ள மாத்திரையை நேற்றே தொடங்கிவிட்டார்கள்.

பெயர் தெரிந்ததும் ஆய்வகத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு வார்டுக்குப் போனேன். அண்ணனுக்கு மூச்சு இரைக்கிறது, கால் வீங்கியிருக்கிறது. வால்வு கிழிந்து ரத்தம் பின்னால் ஒழுகுகிறதாம். மருந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். இதயம் அதுவரை தாங்காது என்று அறுவை சிகிச்சைக்கு நாள் பார்க்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது பெரிய ஆபத்து. செய்யாவிட்டால் அதைவிட ஆபத்து.

பாண்டிச்செல்வி அக்காவுக்குப் போன் செய்து பிரியாவைக் கொட்டகைப் பக்கமே விட வேண்டாம் என்றேன். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வருவீர்களா மதினி? அண்ணன் கேட்டதாகச் சொல்ல முடியாது, அவரால் கேட்க முடியாது. நான்தான் கேட்கிறேன்.

ஜோசப்பின்


கொடைக்கானல்
13.2.2024

ஜோசப்பின்,

வர முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஏன் முடியாது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அப்போது நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். குழந்தை இறந்து பிறந்தது என்று மட்டும் உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

அந்த வருஷமே சரியில்லை. மழை விடவில்லை, காப்பிப் பழம் செடியிலேயே அழுகியது. ஆடுகள்கூட ஒன்றன்பின் ஒன்றாகச் செத்த குட்டி போட்டன. ஏழு மாத வயிற்றோடு நானே அதையெல்லாம் அள்ளிப் புதைத்தேன். அப்புறம் எனக்கும் நாலு நாள் காய்ச்சல், மழையில் நனைந்ததுதான் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் மாதம். இரண்டு நாளாகப் பிள்ளை அசைவு குறைவாகத்தான் இருந்தது. குளிருக்குச் சுருண்டு கிடக்கிறது என்று நினைத்தேன். மதியம் வலி எடுத்தது. அன்றைக்கென்று அவர் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார். "போக வேண்டாம், எனக்கு என்னவோ போல இருக்கு" என்று காலையிலேயே சொன்னேன். "போயிட்டு வெரசா வந்துருவேன்" என்றார். வழியில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. கடைசியில் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். பெண் பிள்ளை. தலை நிறைய முடி.

அவர் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். சரிவைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். நான் அந்த டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்த வீட்டில் இரண்டு பேரும் இருந்தோம். ஒரு முறையாவது "நான் என்ன செய்ய முடியும்" என்று என்னிடம் சண்டை போட்டிருந்தால் நான் இருந்திருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சோறு போடுவது?

இப்போது எழுதி முடித்துவிட்டேன். கிழிக்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். விடுதி மதர் லீவு கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, நானே வந்துவிடுவேன்.

அனிட்டா


கொடைக்கானல்
11.3.2024

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அவர் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, முப்பதாம் நாள் பூசைக்கு ஏற்பாடு என்று எல்லாவற்றையும் நீயே தலையில் போட்டுக்கொண்டு அலைந்தாய். ஒரு வார்த்தைகூட உன்னிடம் நன்றாகப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நீ ஆய்வகத்துக்குப் போயிருந்த நேரங்களில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் போய் நின்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, இவருக்கும் கோபம் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவராகவே திரும்பினார்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"வெரசா" என்றார்.

"ஆமா, வந்துட்டேன். உக்காந்துட்டேன்."

அதற்குச் சிரித்தார், ஜோசப்பின். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு. பக்கத்துப் படுக்கை அம்மாகூடப் பார்த்தார்.

காப்பி வாங்கி ஆற்றிக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் குடித்த பிறகுதான் குடித்தார். எல்லா நாளும் அப்படித்தான். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை.

அறுவைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின சாயங்காலம், கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆறு வருஷமாக வைத்திருந்த கேள்வி. "அன்னைக்கு நான் போக வேணாம்னு சொன்னேன்ல, நீங்க மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. நான் மீதியைச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். புது வால்வு நன்றாக மூடித் திறக்கிறது, இதயம்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று அந்தப் பெரிய டாக்டர் சொன்னபோது நீதான் என் பக்கத்தில் நின்றாய்.

நான் அந்தக் கேள்வியை ஆரம்பித்திருக்கக் கூடாதோ என்று இருக்கிறது.

என் ரத்தத்தையும் எடுத்தாயே, அதில் என்ன வந்தது? நீ சொல்லவே இல்லை. எனக்கும் அந்தக் கிருமி இருந்தால் சொல்லிவிடு. இங்கே பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடம்.

அனிட்டா


மதுரை
24.3.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டீர்கள், மறைக்க எனக்கு உரிமை இல்லை.

முதலில், நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கு இப்போது நோய் இல்லை. யாருக்கும் உங்களால் வராது. தைரியமாகச் சமையுங்கள்.

அண்ணனின் வெட்டியெடுத்த வால்வு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நான் தொடமாட்டேன் என்றேன். டாக்டர் ரோகிணி, "வேண்டாம், வெளியே இரு" என்றார். ஆனாலும் போய் நின்றேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் மதினி. அதிலும் அதே கிருமிதான் இருந்தது. சந்தேகமே இல்லை.

உங்கள் ரத்தத்தில் அந்தக் கிருமியோடு உடம்பு எப்போதோ போராடியதற்கான பழைய தடம் இருக்கிறது. எப்போது என்று ரத்தம் சொல்லாது. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆடுகள் செத்த குட்டி போட்டது, ஏழு மாத வயிற்றோடு நீங்கள் அள்ளிப் புதைத்தது, பிறகு வந்த காய்ச்சல். நீங்கள் வருவதற்கு முன்பே அதைப் படித்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் உங்கள் ரத்தத்தைக் கேட்டேன். ஆட்டின் வயிற்றில் செய்வதை இது பெண்களின் வயிற்றிலும் செய்யும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு.

பிள்ளைக்கு நடந்தது இதனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அன்றைக்கு யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்த இரண்டு நாளும் பிள்ளை குளிருக்குச் சுருண்டு கிடக்கவில்லை மதினி. வலி எடுக்கும் முன்பே போய்விட்டிருக்கும். அண்ணன் காலையிலேயே உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும் அந்த டாக்டரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நீங்கள் முன்கூட்டியே போயிருந்தாலும் இந்தக் கிருமியின் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேர்மேலும் தப்பில்லை.

இதை அண்ணன் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ரத்தத்தின் முடிவு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. முடிவு இல்லாமல் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இப்போது அந்தப் பாடத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஜோசப்பின்


மதுரை
16.6.2024

அன்புள்ள மதினிக்கு,

பதில் வரவில்லை. போனில் கூப்பிடவில்லை, நீங்கள் எடுக்காமல் இருந்தால் எனக்குத் தாங்காது. விடுதியில் விசாரித்தேன். நன்றாக இருக்கிறீர்கள், வேலைக்கு வருகிறீர்கள் என்றார்கள். அது போதும்.

பிரியாவின் ரத்தத்தில் கிருமி இருந்தது. மாத்திரை சாப்பிட்டு வந்தாள். போன வாரம் ஆண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் நன்றாக இருக்கிறது. பாண்டிச்செல்வி அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். மாட்டு டாக்டர்கள் மலைக்குப் போய் ஆடுகளைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் இனி வளராத பாட்டில் வந்தால், நோயாளி ஆடு வளர்ப்பவரா என்று முதல் நாளே கேட்கிறோம்.

இதெல்லாம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுத ஆரம்பித்தேன். இப்போது படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

ஜோசப்பின்


கொடைக்கானல்
20.10.2024

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். அதற்குமேல் தேவைப்படவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் சுலபமாக இருக்கும். நீ எனக்கு நல்லதுதான் செய்தாய். யார்மேலும் தப்பில்லை என்று சொன்னால் என் பாரம் இறங்கும் என்று நினைத்தாய். அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். ஆறு வருஷம் நான் காலையில் அவரைத் திட்டிக்கொண்டேதான் எழுந்தேன். அந்தக் கோபத்தில்தான் பனியில் அடுப்பு மூட்டினேன், ஊர்ப் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றினேன், திரும்பி வந்து படுத்தேன். இப்போது எழுந்தால் திட்ட ஆளில்லை. கிருமியைத் திட்டிப் பார்த்தேன். முகம் இல்லாத ஒன்றை எத்தனை நாள் திட்டுவது? இப்போதுதான் எனக்கு அந்தப் பிள்ளைக்காக அழுகை வருகிறது. அப்போது அழவில்லை, தெரியுமா? அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவருக்காகவும் சேர்த்து இப்போதுதான் அழ வேண்டியிருக்கிறது. விடுதியில் அவன் வருவான் இவள் வருவாள் என்று அழுவதற்கும் இடமில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

அவருக்கும் தெரிந்திருந்தால் என்று நினைக்கிறேன். அவரும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார் போல. அன்றைக்கு ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாரே, என்ன சொல்ல வந்தார் என்று இனி யாருக்குத் தெரியும்.

பிரியாவின் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம். பார்க்கப் போகவில்லை. அக்கா தப்பாக நினைக்க மாட்டார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை என்று அப்போது கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைத்தார்கள், பெயரும் இல்லாமல். இந்தச் சாமியார் சின்ன வயசுக்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இதுல என்னம்மா கேக்க இருக்கு" என்று அந்த இடத்து மண்ணை எடுத்து உன் அண்ணன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரே கல்லில் இரண்டு பேர் பெயரும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஞானமுத்து. அதற்குக் கீழே அடைக்கலமேரி. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், யாரையும் கேட்கவில்லை. கல் வெட்டுகிறவர் பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டும் கேட்டார். பிள்ளைக்கு ஒரே தேதிதான் என்றேன். "அப்ப ஒரு தடவ வெட்டினாப் போதும்மா" என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு நீ வருவாய் என்று தெரியும். நான் வெள்ளனே போய், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நீ மதியத்துக்கு மேல் வா. இந்த வருஷம் நாம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

உன் மதினி,
அனிட்டா